கூட்டல் ஏழு

நான் கரிசல் காட்டுக்காரி. எங்கள் ஊரில் ஒருவருக்கு ஒரு விஷயம் பிடிக்கவில்லை என்றால் தெருவுக்கே தெரிந்துவிடும். பிடித்திருந்தாலும் அதே சத்தம்தான். அப்படி வளர்ந்தவள் நீலகிரியில், கேத்திப் பள்ளத்தாக்கைப் பார்த்தாற்போல் இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆசிரியையாகப் போய்ச் சேர்ந்தேன். குளிரைத் தாங்கமாட்டாய் என்று எல்லோரும் பயமுறுத்தி அனுப்பினார்கள். குளிர் என்னை ஒன்றும் செய்யவில்லை. ‘சரிங்க’ என்ற ஒரு சொல்தான் என்னைப் படுத்தி எடுத்தது.

வெப்பப் பரிமாற்றம் என் பாடம். சூடு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எப்படிப் போகிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது என்று கணக்குப் போடுகிற பாடம். இயந்திரவியல் இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பும் ஆய்வகமும் நானே எடுத்தேன். பலகை நிறையச் சமன்பாடுகளை எழுதி முடித்துத் திரும்பி, “புரிஞ்சுதா?” என்பேன். “சரிங்க மேடம்” என்று வகுப்பு முழுக்க ஒரே குரலில் பதில் வரும். எனக்குப் பெருமை தாங்காது. நாம் சொல்லிக் கொடுத்தால் புரியாமல் போகுமா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போவேன். முதல் மாதத் தேர்வுத் தாள்களைத் திருத்த உட்கார்ந்த அன்று அந்தப் பெருமைக்கு ஆயுசு முடிந்தது. பாதிப் பேர் கேள்வியையே கொஞ்சம் மாற்றிப் பதிலாக எழுதி வைத்திருந்தார்கள்.

தாள்களை மேசையில் அடித்துவிட்டு எங்கள் துறைத் தலைவரிடம் போனேன். குன்னூரிலேயே பிறந்து வளர்ந்தவர். சாந்தமான மனிதர். கோபப்படுகிறவர்களைப் பார்த்தால் அவருக்குத் தேநீர் வரவழைக்கத் தோன்றும். எனக்கும் வரவழைத்தார்.

“மேடம், இங்க ‘சரிங்க’ன்னா புரிஞ்சுதுன்னு அர்த்தமில்லைங்க. நீங்க பேசினது காதுல உழுந்துது, உங்க மேல மரியாதை இருக்குது, அவ்வளவுதானுங்க. புரியலைன்னு சொன்னா நீங்க சொல்லிக் கொடுத்தது சரியில்லைன்னு ஆயிருமுங்களே. எப்புடிங்க வாத்தியார் மூஞ்சிக்கு நேரா அப்படிச் சொல்லுவாங்க?”

அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அத்தனை நாளும் என் முகத்துக்காகப் பிள்ளைகள் பொய் சொல்லியிருக்கிறார்கள். மரியாதை என்ற பெயரில் என்னை நடுக்காட்டில் தனியாகப் பேசவிட்டிருக்கிறார்கள்.

அந்த வகுப்பிலேயே மிக மென்மையான ‘சரிங்க’, ஜன்னலோரம் உட்காரும் ஒரு பெண்ணுடையது. கூடலூர்ப் பக்கம் தேவாலாவிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தாள். ஒரு முறை ஊருக்குப் போனவள் லீவு முடிந்தும் வராமல் இருந்ததற்கு நான் கன்னாபின்னாவென்று திட்டினேன். முழுவதற்கும் சரிங்க, சரிங்க என்று தலையாட்டினாள். நான் மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில் மெதுவாகச் சொன்னாள்.

“அம்மா எஸ்டேட்ல கொழுந்து பறிக்கறாங்க மேடம். ரிட்டையர்மென்ட் வருதுங்க. ரிட்டையர் ஆனா எஸ்டேட் குடுத்த லைன் வீட்டைக் காலி பண்ணிக் குடுக்கணும். இல்லைன்னா வீட்டுல இருந்து யாராச்சும் எஸ்டேட்ல பேர் பதியணும். வீட்டுல நான் மட்டுந்தானுங்க. ஆபீஸ்ல கூப்பிட்டுக் கேட்டாங்க, அதான் போனேன்.”

அவளுக்கு ஓசூரில் ஒரு கம்பெனி வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. வளாக நேர்காணலில் தேர்வானவள். ஒரே நிபந்தனை, ஒரு பாடத்திலும் அரியர் இருக்கக் கூடாது. எல்லாம் தேறினால் அம்மாவை அழைத்துக்கொண்டு ஓசூருக்குப் போகலாம். ஒன்றில் தவறினாலும் அம்மா இறக்கி வைக்கும் கூடையை அவள் முதுகில் மாட்டிக்கொள்ள வேண்டும். கூடை சுமப்பது கேவலம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவள் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை, வீடு போய்விடும் என்ற பயம் தேர்ந்தெடுக்கிறது. அது என்னை உறுத்தியது.

ஆய்வகத்தில் ஒரு சோதனை. தொட்டியில் நீரைக் கொதிக்க வைத்து, அதற்குள் ஒரு கம்பியில் மின்சாரம் பாய்ச்சி, கம்பியிலிருந்து நீருக்கு எவ்வளவு சூடு கடக்கிறது என்று அளக்க வேண்டும். முதலில் குறிக்க வேண்டியது நீர் கொதிக்கும் வெப்பநிலை. அதைக் காட்டுகிற மீட்டருக்குப் பக்கத்தில் யாரோ ஒரு வெள்ளைத் தாளை ஒட்டியிருந்தார்கள். அதில் கொட்டை எழுத்தில் ‘+7’ என்று இருந்தது.

“இதென்ன?” என்று ஆய்வக உதவியாளரைக் கேட்டேன்.

“மீட்டர் ஃபால்ட்டுங்க மேடம். தண்ணி தளதளன்னு கொதிக்கும், இது தொண்ணூத்திமூணுலயே நின்னுக்கும். மாத்தியும் பாத்துட்டோமுங்க, புதுசும் அதையேதான் காட்டுது. கம்பெனிக்காரனே சரியில்லைங்க. அதான் ஏழு கூட்டிக்கறதுங்க.”

நான் பிள்ளைகளின் ரெக்கார்டுகளை வாங்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நூறு. போன வருடத்து ரெக்கார்டிலும் நூறு. ஈயடிச்சான் காப்பி என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே ஈ உயிரோடு கண்ணெதிரே பறந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்காமல், சீனியர் நோட்டில் செத்துக் கிடந்த ஈயைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நீர் நூறில் கொதிப்பது கடல் மட்டத்தில்தான்; மலை மேல் அப்படிக் கொதிக்காது. எனக்குத் தெரியும். அதைப் பாடப் புத்தகமும் ஏதோ ஒரு மூலையில் சொல்கிறது. பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் படித்து, இரண்டு மதிப்பெண் கேள்விக்கு எழுதி, மறந்திருப்பார்கள். நான் அப்போதே மூச்சுவிடாமல் விளக்கியிருப்பேன். அவர்களும் சரிங்க என்றிருப்பார்கள். அந்தச் சரிங்கவை இன்னொரு தடவை கேட்கிற தெம்பு எனக்கு இல்லை. அதனால் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, “இந்த ஏழு எங்கிருந்து வந்துச்சு? கண்டுபிடிச்சுட்டு வாங்க. நான் சொல்ல மாட்டேன்” என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

வாயை மூடிக்கொண்டு உட்கார்வதுதான் நான் ஆசிரியையாகச் செய்ததிலேயே கடினமான வேலை. என் வாய் அப்படிப் பழகியது அல்ல. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மீட்டர் கோளாறு என்றான் ஒருவன். வயர் நீளம் என்றான் இன்னொருவன். அடுத்த வாரமும் இதே கதை. ‘பாடம் போகவில்லை, மேடம் சும்மா உட்கார்ந்திருக்கிறார்’ என்று புகாரே போய்விட்டது. துறைத் தலைவர் மறுபடி தேநீர் வரவழைத்தார்.

மூன்றாவது வாரம் தேவாலாப் பெண் ஒரு டிபன் பாக்ஸோடு வந்தாள். கேன்டீனில் ஜூஸ் போடுகிற இடத்தில் ஐஸ் கட்டி வாங்கி வந்திருந்தாள். குளிரில் யாரும் ஜூஸ் குடிப்பதில்லை என்பதால் கேன்டீன்காரர் அள்ளிக் கொடுத்தாராம். அதை நீரில் போட்டு, மீட்டரின் உணரியை உள்ளே விட்டாள். மீட்டர் இறங்கி இறங்கி சைபரில் நின்றது.

பிறகு என்னைப் பார்க்காமல் மீட்டரிடம் பேசுவதுபோல் பேசினாள்.

“இது ஏழு கம்மியா காட்டுற மீட்டர்னா, ஐஸ்ல மைனஸ் ஏழு காட்டணுமில்லைங்க? சரியாத்தானே காட்டுது. அப்ப மீட்டர் பொய் சொல்லலைங்க. தண்ணிதான் இங்க தொண்ணூத்திமூணுல கொதிக்குது.”

எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. குதிக்கவில்லை. “ஏன்?” என்று மட்டும் கேட்டேன்.

கேத்திப் பையன் ஒருவன் பின்னாலிருந்து கத்தினான். காரட் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. அதுவரை வகுப்பில் அவன் குரலை நான் கேட்டதே இல்லை. “மேடம், எங்க ஊட்டுல குக்கர் விசில் கெட்டுப்போச்சுன்னா அன்னைக்குப் பருப்பே வேகாதுங்க! எங்கம்மா பொலம்பியே தீத்துருவாங்க. குக்கருக்குள்ள அழுத்தம் இருக்குது, வெளிய இல்லைங்க. மேல வர வர காத்தோட அழுத்தம் கொறையுதில்லைங்க, அதானுங்க!”

காற்று அழுத்துகிற பாரம் குறைந்தால் நீர் சீக்கிரமே கொதித்துவிடும். அதுதான் விடை. அவன் வீட்டு அடுப்பங்கரையில் தினமும் நடந்துகொண்டிருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே வீட்டில் நிஜச் சுரைக்காய் இருந்தும், ஏட்டில் இருப்பதைப் பார்த்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து வகுப்பின் சத்தம் மாறிவிட்டது. நான் ஒரு நல்ல தெர்மாமீட்டர் வாங்கிக் கொடுத்தேன். ஒன்றே ஒன்று. அது சாப்பாட்டுப் பைகளில் ஏறி மாவட்டம் முழுக்கப் பஸ்ஸில் சுற்றியது. யார் ஊருக்குப் போகிறார்களோ அவர்கள் வீட்டு அடுப்பில் நீர் கொதிக்கும் வெப்பநிலையை அளந்து, படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். கூடவே ஊரின் உயரத்தையும் போட வேண்டும். ஊட்டியில் தொண்ணூற்றிரண்டரை. குன்னூரில் அதைவிட ஒரு டிகிரிக்கு மேல் கூடுதல். பிக்கட்டிப் பையன் வீட்டில் கேஸ் தீர்ந்திருந்ததால் விறகடுப்பில் வைத்து, புகையில் எண் தெரியாமல், ஒரு மங்கலான படம் அனுப்பினான். கேத்திப் பையனின் அம்மா, “காலேஜுக்குப் பணம் கட்டி அனுப்பினா சுடுதண்ணி வெக்கவாடா சொல்லித் தர்றாங்க?” என்று கேட்டதாகச் சொன்னார்கள். நியாயமான கேள்வி. மேட்டுப்பாளையத்தில் மாமா வீட்டுக்குப் போன ஒருத்தி தொண்ணூற்றொன்பது என்று அனுப்பினாள். அதற்குக் குழுவே கைதட்டியது.

ஊட்டிக்காரன் ஒருவன் சோம்பேறித்தனத்தில் தண்ணீரே வைக்காமல் நூறு என்று எழுதிவிட்டான். “டேய், உங்க ஊட்டு வாசல்ல கடல் வந்துருச்சாடா?” என்று குழுவில் கேட்டார்கள். அதற்குப் பிறகு யார் எதைக் காப்பியடித்தாலும் ‘கடல்’ என்றால் போதும், முகம் சிவந்துவிடும்.

தேவாலாவிலிருந்து அவள் அனுப்பிய படத்தில் தொண்ணூற்றேழு. வெளியே மழை. கரி பிடித்த பாத்திரத்துக்குப் பக்கத்தில் அம்மாவின் கை தெரிந்தது. கொழுந்துக் கறை ஏறிய விரல்கள். அளந்து முடித்ததும் அந்த நீரிலேயே தேயிலை போட்டுவிட்டார்கள் என்று கீழே எழுதியிருந்தாள். ஊர்களையும் வெப்பநிலைகளையும் புள்ளி வைத்துச் சேர்த்தபோது கோடு அழகாக நேராக இறங்கியது. அந்தக் கோட்டைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பை நான் மறக்கமாட்டேன். இந்தப் பாடம் அவளுடைய ஊரைப் பற்றியும் பேசுகிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

செய்முறைத் தேர்வு வந்தது. கேள்வி கேட்டு மதிப்பெண் போட வெளியூர்க் கல்லூரியிலிருந்து ஒருவர் வருவார். முந்தின நாள் ஆய்வகத்தை எட்டிப் பார்த்தபோது மீட்டர் பக்கத்தில் புதுத் தாள் ஒட்டியிருந்தது. அதே ‘+7’. இந்தத் தடவை அச்சடித்தது.

நான் துறைத் தலைவர் அறைக்குள் புயலாக நுழைந்தேன். அவர் தேநீர் சொல்லவில்லை. முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எனக்குத் தெரியாதுங்களா மேடம்? நான் இந்த மலையிலயே பொறந்தவனுங்க. எவ்வளவுல கொதிக்கும்னு எனக்குத் தெரியும். கீழ இருந்து வர்றவர் மேனுவல்ல நூறு இருக்குதும்பார். ஒவ்வொரு புள்ளையும் நின்னு வாதாடுமுங்களா? நீங்கதான் வாதாடுவீங்களா? எதுக்குங்க வம்பு? புள்ளைங்க பாஸாகி வெளிய போகட்டுமுங்க.”

அவர் சொன்னதில் அன்பு இருந்தது. அந்தப் பெண்ணின் அம்மா, லைன் வீடு, ஓசூர் எல்லாம் கண்முன் வந்தன. என் வீம்புக்கு அவள் விலை கொடுக்க வேண்டுமா என்று முதல் தடவையாகப் பயந்தேன். தாளைக் கிழிக்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் சீட்டுக் குலுக்கியதில் அந்தச் சோதனை யாருக்கு விழுந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வேறு யாருக்கு விழுந்திருந்தாலும் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

வந்த தேர்வாளர் கெட்டவர் அல்ல. மலைப்பாதை வளைவுகளில் தலை சுற்றி, காதைச் சுற்றி மப்ளர் கட்டி, வெந்நீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேவாலாப் பெண் தாளை நீட்டினாள். முதல் வரியில் தொண்ணூற்று மூன்று. அவர் சிவப்புப் பேனாவால் அதைச் சுழித்தார்.

“ஏம்மா, தண்ணி எத்தனையில கொதிக்கும்? பள்ளிக்கூடத்துப் புள்ளைக்கே தெரியுமே. பக்கத்துலயே ஒட்டி வெச்சிருக்காங்க பாரு, ஏழு கூட்டுன்னு. கூட்டி எழுதி, கணக்கையும் மாத்திக் கொண்டா. நான் மார்க் போட்டுடறேன். போ கண்ணு.”

எவ்வளவு எளிய விஷயம்! ஏழு கூட்டினால் ஓசூர். ‘சரிங்க’ சொல்ல அவள் உதடு பிரிந்ததை நான் பார்த்தேன். கல்லூரித் தரப்பில் நானும் தேர்வாளர்தான், நாலடி தூரத்தில் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசினால் அது என் பதிலாகிவிடும் என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். வாசலில் துறைத் தலைவர் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார்.

“இல்லைங்க சார்” என்றாள்.

அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் முறை. “மீட்டர் சரிங்க. ஐஸ்ல சைபர் காட்டும், வேணும்னா இப்பவே கொண்டு வந்து காட்டறேனுங்க.”

“சைபர்ல சரியாக் காட்டி, சூடு ஏறினா தப்பாக் காட்டுற மீட்டரும் உண்டும்மா.” அவர் இப்போது நிமிர்ந்துவிட்டார்.

“உண்டுங்க சார். அதனாலதான் வேற தெர்மாமீட்டர் வெச்சு எங்க ஊடெல்லாம் போய் அளந்தோமுங்க. தேவாலாவுல தொண்ணூத்தேழு. ஊட்டியில தொண்ணூத்திரண்டரை. மேட்டுப்பாளையத்துல தொண்ணூத்தொம்பது. மேல வர வர கொறையுதுங்க. இந்தக் காலேஜ் உயரத்துக்குத் தொண்ணூத்திமூணுதான் வரணுமுங்க. ஏழு கூட்டினா கம்பியோட கணக்கு முழுக்கத் தப்பாயிருமுங்க.”

விடுதிப் பிள்ளைகளோடு பழகி ‘ஊடு’ என்று சொல்லக் கற்றிருந்தாள். ஆய்வகத்தின் பின்வரிசையில் எவனோ ‘கடல்’ என்று முணுமுணுத்தான். நான் திரும்பி முறைத்தேன்.

தேர்வாளர் கையிலிருந்த வெந்நீரைப் பார்த்தார். “அப்ப எங்க ஊட்டுல எவ்வளவுல கொதிக்கும்?”

அவள் உடனே ஒரு எண்ணைச் சொல்லியிருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். அவள் அதைவிட நல்லதாக ஒன்று சொன்னாள்.

“உங்க ஊடு எவ்வளவு உயரத்துல இருக்குதுங்க சார்?”

அவர் மப்ளரை அவிழ்த்துவிட்டுச் சிரித்தார். தாளை இழுத்து, சிவப்புச் சுழிப்பை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு எழுந்து போய் மீட்டர் பக்கத்திலிருந்த தாளை நகத்தால் உரித்தார். “இதை யாருங்க ஒட்டினது?” என்று கேட்டார். துறைத் தலைவர் கூரையில் எதையோ தேடினார். சாயங்காலம் என்னிடம் வந்து, “மேடம், உங்க வம்பு கொஞ்சம் தொத்திக்குதுங்க” என்றார். அடுத்த பருவத்தில் அவருடைய வகுப்பில் அவரே ‘ஏன்?’ என்று கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்ததாகப் புகார் வந்தது. நான் தேநீர் வரவழைத்துக் கொடுத்தேன்.

எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் அது ‘கடல்’ கதைதான். இன்றும் என் வகுப்பில் ‘சரிங்க’ கேட்கிறது. இன்றும் நான் கத்துகிறேன். ஆனால் எங்கிருந்தாவது ஒரு ‘இல்லைங்க மேடம், புரியலைங்க’ வருகிறது. அதில் மரியாதை ஒரு துளி குறைவதில்லை. இல்லை என்பதிலும் ‘ங்க’ போட முடிகிற பேச்சு இது என்று எனக்கு ஏன் முன்பே உறைக்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. புது எவர்சில்வர் பாத்திரம், கேஸ் அடுப்பு, தளதளக்கும் நீர், அதில் ஒரு தெர்மாமீட்டர். பக்கத்தில் தேயிலை டப்பாவைத் திறந்தபடி ஒரு கை. கொழுந்துக் கறை இன்னும் முழுசாகப் போகவில்லை.

கீழே எழுதியிருந்தாள்: “ஓசூர்ங்க மேடம். தொண்ணூத்தேழு. அம்மா வந்துட்டாங்க. புது ஊர்னு பயந்துட்டே இருந்தாங்க. நம்ம வீட்டுல கொதிச்ச அதே சூட்டுலதான் இங்கயும் கொதிக்குதும்மான்னு சொன்னேன். சிரிச்சுட்டாங்க.”

நீளமாக ஏதேதோ தட்டித் தட்டி அழித்தேன். கடைசியில் ஒரே ஒரு சொல்லைத் தட்டி அனுப்பினேன்.

“சரிங்க.”